சைபீரியாவுக்கு ஏற்றிச் செல்லப்பட்ட போலந்துக் குடும்பங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாப்பூர் பக்கத்தில் ஐயாயிரம் போலந்துக்காரர்கள் ஐந்து வருடம் குடியிருந்தார்கள் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. நம்புகிறவர்கள் அடுத்துக் கேட்பது, "அவ்வளவு தூரம் எப்படி வந்தார்கள்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லப் போனால் 1940 பிப்ரவரியின் ஒரு பனி இரவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. என்னிடம் வந்த கேள்விகளையும், படிக்கும்போது எனக்கே எழுந்தவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். ஒப்பந்தம், படை, அரசியல் எல்லாம் தேவையான அளவுக்கு மட்டும். ஒரு குடும்பம் எப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

போலந்து மக்களை வதைத்தது ஹிட்லர்தானே? ரஷ்யா எப்படி உள்ளே வந்தது?

இரண்டு பேரும்தான். 1939 ஆகஸ்ட் 23 அன்று ஜெர்மனியும் சோவியத் யூனியனும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. போலந்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும் ரகசியப் பகுதி அதில் இருந்தது. செப்டம்பர் 1 அன்று மேற்கிலிருந்து ஜெர்மனி நுழைந்தது. செப்டம்பர் 17 அன்று கிழக்கிலிருந்து செஞ்சேனை நுழைந்தது.

ஜெர்மனி பிடித்த பகுதியிலிருந்து லட்சக்கணக்கான போலந்துக்காரர்களை ஜெர்மன் பண்ணைகளுக்கும் ஆலைகளுக்கும் கட்டாய வேலைக்கு இழுத்துப் போனார்கள். மஞ்சள் துணியில் ஊதா நிறத்தில் 'பி' எழுத்து தைத்த அடையாளத்தை அவர்கள் சட்டையில் குத்தியிருக்க வேண்டும். அது தனியாக எழுத வேண்டிய கதை. இந்தப் பக்கம் கிழக்குப் பாதியைப் பற்றியது. போலந்துக்காரர்கள் 'க்ரெசி' என்று சொல்லும் எல்லைப்புறச் சீமை அது. ல்வூவ், வில்னோ, பியாவிஸ்டோக், தார்னோபொல் போன்ற ஊர்கள் இருந்த பகுதி. இன்று அதில் பெரும்பகுதி உக்ரைன், பெலாரஸ், லிதுவேனியா நாடுகளுக்குள் இருக்கிறது.

யாரைப் பிடித்தார்கள்? அவர்கள் செய்த குற்றம் என்ன?

குற்றம் எதுவும் தேவைப்படவில்லை. பட்டியலில் பெயர் இருந்தால் போதும். சோவியத் ரகசியப் போலீஸான என்கேவிடி நான்கு தடவை பெரிய அளவில் வாரிக்கொண்டு போனது.

முதல் தடவை 1940 பிப்ரவரி 10. 1920-ல் சோவியத்துக்கு எதிரான போரில் சண்டையிட்டதற்காக நிலம் பெற்றுக் குடியேறிய முன்னாள் சிப்பாய்களின் குடும்பங்களும், காட்டிலாகா ஊழியர்களின் குடும்பங்களும். ஏறத்தாழ 1,40,000 பேர். இரண்டாவது ஏப்ரல் 13. ஏற்கெனவே கைதாகியிருந்த அதிகாரிகள், போலீஸ்காரர்கள், ஆசிரியர்கள் ஆகியோரின் மனைவி மக்கள். சுமார் 61,000 பேர். மூன்றாவது ஜூன் மாதக் கடைசியில். ஜெர்மானியருக்குப் பயந்து மேற்கிலிருந்து ஓடி வந்திருந்த அகதிகள். அவர்களில் பெரும்பாலானோர் யூதர்கள். நான்காவது 1941 மே, ஜூன் மாதங்களில். கடைசி ரயில்கள் கிளம்பிக்கொண்டிருந்தபோதே ஜெர்மனி சோவியத் மண்ணுக்குள் புகுந்துவிட்டது.

பட்டியலில் குடும்பத் தலைவர் பெயர் இருந்தால் வீட்டில் உள்ள அத்தனை பேரும் போக வேண்டும். தொண்ணூறு வயதுப் பாட்டியும் போக வேண்டும், தொட்டில் குழந்தையும் போக வேண்டும்.

அந்த இரவு வீட்டுக்குள் என்ன நடந்தது?

நூற்றுக்கணக்கானோர் தனித்தனியாகச் சொன்ன நினைவுகள் இந்த இடத்தில் ஒன்றுபோலவே இருக்கின்றன. விடிவதற்கு முன் துப்பாக்கிக் கட்டையால் கதவை இடிப்பார்கள். சிப்பாய்கள், ஒரு என்கேவிடி ஆள், கூடவே உள்ளூர்க்காரர் ஒருவர். அப்பாவைச் சுவரோரம் கையைத் தூக்கி நிற்க வைத்துவிட்டு, ஆயுதம் இருக்கிறதா என்று வீட்டையே புரட்டுவார்கள். பிறகு ஒரு காகிதத்தைப் படிப்பார்கள்: வேறு இடத்துக்கு மாற்றப்படுகிறீர்கள், அரைமணி நேரம், கிளம்புங்கள். சில வீடுகளில் ஒரு மணி, இரண்டு மணி.

வெளியே மைனஸ் நாற்பது டிகிரியை ஒட்டிய குளிர். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதை எடுப்பது? புகைப்படங்களா, மாவு மூட்டையா, பிள்ளைகளின் கம்பளிச் சட்டையா? போகிற இடத்தில் எல்லாம் கிடைக்கும், ஒன்றும் வேண்டாம் என்பார் அதிகாரி. அந்தக் குழுவிலேயே வயதான சிப்பாய் ஒருவர், யாரும் பார்க்காத நேரம் அருகில் வந்து, "எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளம்மா. ரம்பத்தை எடு, கோடரியை எடு, இறகு மெத்தையை விடாதே" என்று காதோரம் சொன்னதாகப் பல குடும்பங்கள் நினைவுகூர்கின்றன. சில வீடுகளில் அந்தச் சிப்பாயே மாவு மூட்டையைச் சறுக்கு வண்டியில் தூக்கிப் போட்டிருக்கிறார். அந்த மாதிரி ஒரு ஆள் வந்த வீட்டுக்கும், கெடுபிடி பேசிய ஆள் வந்த வீட்டுக்கும் இடையே இருந்த வித்தியாசம் அடுத்த குளிர்காலத்தில்தான் தெரிந்தது.

பிள்ளைகளின் நினைவில் நின்றது வேறு. கறக்காத மாடு தொழுவத்தில் கத்திய சத்தம். வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்து ஒரு கட்டத்தில் நின்றுவிட்ட நாய்.

ரயில் பயணம் எத்தனை நாள்?

இரண்டு முதல் நான்கு வாரம். மாடு ஏற்றும் சரக்குப் பெட்டி. இருபுறமும் பலகையால் இரண்டடுக்குப் பரண், நடுவில் ஒரு இரும்பு அடுப்பு, தரையில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டைதான் கழிப்பறை. முதல் வேலையாகப் பெண்கள் ஒரு போர்வையை அதன் முன்னால் கட்டினார்கள். ஒரு பெட்டியில் ஐம்பது, அறுபது பேர்.

அடுப்பருகே இருந்தவர்களுக்கு வியர்த்தது, சுவரோரம் படுத்தவர்களின் தலைமுடி உறைந்து பலகையில் ஒட்டிக்கொண்டது. சில நாளைக்கு ஒருமுறை ரொட்டியும் வாளியில் சூப்பும் வரும். ரஷ்ய ரயில் நிலையங்களில் கொதிநீர் கிடைக்கும். அதற்கு 'கிப்யத்தோக்' என்று பெயர். போலந்துப் பிள்ளைகள் கற்றுக்கொண்ட முதல் ரஷ்யச் சொல் பெரும்பாலும் அதுதான். வழியில் இறந்த கைக்குழந்தைகளைப் புதைக்க ரயில் நிற்காது. தண்டவாளத்தோரப் பனியில் கிடத்திவிட்டுப் போனார்கள்.

எங்கே இறக்கிவிட்டார்கள்? முள்வேலி போட்ட முகாமா?

பிப்ரவரியில் போனவர்கள் பெரும்பாலும் வடக்கு ரஷ்யாவின் அர்ஹாங்கெல்ஸ்க், கோமி காடுகளுக்கும், யூரல், சைபீரியப் பகுதிகளுக்கும் போனார்கள். 'சிறப்புக் குடியிருப்பு' என்று அதற்கு அரசுப் பெயர். காட்டை வெட்டிய இடத்தில் மரக்கட்டைக் கொட்டகைகள், சுவர் இடுக்கெல்லாம் மூட்டைப்பூச்சி, ஒரு அறைக்கு இரண்டு மூன்று குடும்பம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கமாண்டன்ட்.

பல இடங்களில் வேலியே கிடையாது. தேவையும் இல்லை. நாலாபுறமும் நூறு கிலோமீட்டருக்குக் காடு. "பழகினால் வாழ்வீர்கள், பழகாவிட்டால் சாவீர்கள்" என்ற பொருளில் கமாண்டன்ட் முதல் நாளே பேசியதை எத்தனையோ பேர் பதிவு செய்திருக்கிறார்கள்.

குலாக் எனப்படும் சிறைமுகாம் இதிலிருந்து வேறு. அங்கே தனித்தனி ஆளாகத் தண்டனை பெற்றவர்கள் போனார்கள். முள்வேலி, காவல் கோபுரம் எல்லாம் உண்டு. பின்னாளில் லண்டனில் இருந்த நாடுகடந்த போலந்து அரசின் கடைசி ஜனாதிபதியான ரிஷார்த் கச்சொரோவ்ஸ்கி, இளைஞனாக இருந்தபோது மரண தண்டனை பெற்று, அது பத்தாண்டாகக் குறைக்கப்பட்டு, கொலிமா முகாமுக்கு அனுப்பப்பட்டவர். ஒரே குடும்பத்தில் அப்பா குலாக்கிலும், அம்மாவும் பிள்ளைகளும் குடியிருப்பிலுமாக, ஆயிரம் மைல் தள்ளித் தள்ளி இருந்ததும் சகஜம்.

என்ன வேலை? கூலி உண்டா?

மரம் வெட்டுவது, கிளை கழிப்பது, கட்டைகளை ஆற்றங்கரைக்கு இழுப்பது, கோடையில் பைன் மரத்தைக் கீறிப் பிசின் எடுப்பது. இடுப்பளவு பனியில் நின்று இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் ரம்பம். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளும் பெண்களும் இதே வேலைக்குப் போனார்கள்.

பெயருக்குக் கூலி உண்டு. அதில் பத்தில் ஒரு பங்கைக் காவல் செலவுக்கென்று பிடித்துக்கொண்டார்கள். தங்களைக் காவல் காத்தவர்களுக்குத் தாங்களே சம்பளம் கொடுத்தார்கள் என்று அர்த்தம். ஆனால் வாழ்க்கை ஓடியது காசால் இல்லை, ரொட்டியால். ஒரு நாளைக்கு இவ்வளவு கன மீட்டர் மரம் என்று ஒரு அளவு இருக்கும். அதை எட்டியவருக்கு முழு ரொட்டி, எட்டாதவருக்குக் குறைவு, வேலைக்குப் போக முடியாத குழந்தைக்கும் கிழவருக்கும் சில நூறு கிராம். வேலை செய்யாதவனுக்குச் சாப்பாடு இல்லை என்பது அங்கே சட்டம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் ரொட்டி குறையும். ரொட்டி குறைந்தால் மறுநாள் அளவை எட்ட முடியாது. பல வீடுகளில் முதலில் இறந்தது அப்பாதான். தன் ரொட்டியில் ஒரு துண்டைப் பிள்ளைகளுக்குக் கிள்ளிக் கொடுத்துவிட்டு மரம் வெட்டப் போன மனிதர் அவர்.

கஜகஸ்தானுக்குப் போனவர்கள் கதை வேறா?

ஆமாம். ஏப்ரலில் போனவர்களில் ஆண்களே அபூர்வம். நகரத்தில் பியானோ வாசித்துக்கொண்டிருந்த அதிகாரி மனைவிகளையும் பள்ளி ஆசிரியைகளையும் மரமே இல்லாத புல்வெளியில் கொண்டுபோய் இறக்கினார்கள். கூட்டுப் பண்ணையில் வேலை. தங்குவதற்குக் கொட்டகை எதுவும் கிடையாது; கஜக் குடிசையில் ஒரு மூலையை வாடகைக்குப் பிடிக்க வேண்டும், அல்லது மண்ணைப் பிசைந்து தாங்களே குடிசை கட்டிக்கொள்ள வேண்டும்.

விறகு இல்லாத ஊரில் குளிர்காலத்தைத் தாண்டுவது எப்படி? சாணத்தில் வைக்கோல் சேர்த்து மிதித்து, அச்சில் போட்டுக் காய வைப்பது. 'கிஸ்யாக்' என்று அங்கே சொல்கிறார்கள். நமக்கு அதை விளக்கவே வேண்டாம், வறட்டிதான். போலந்துப் பெண்கள் வெறுங்காலால் சாணம் மிதித்து வறட்டி தட்டக் கற்றுக்கொண்டதை எழுதும்போது முதல் நாள் அழுததையும், மூன்றாம் மாதம் நல்ல வறட்டி எது என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். பனிப்புயல் வீசினால் குடிசை கூரை வரை மூடிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் வந்து தோண்டி எடுத்தால்தான் வெளிச்சம்.

கஜக் மக்களே அதற்குச் சில வருடம் முன்புதான் கொடும்பஞ்சத்தில் லட்சக்கணக்கில் செத்திருந்தார்கள். அப்படியும் ஒரு கிண்ணம் பால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன கஜகப் பெண்களைப் பற்றிப் படிக்கும்போது மனசு நெகிழ்ந்துவிடுகிறது.

அந்தப் பெண்களின் கணவர்கள் எங்கே போனார்கள்?

அவர்களில் பலர் கொசெல்ஸ்க், ஸ்தாரோபெல்ஸ்க், ஓஸ்தாஷ்கொவ் என்ற மூன்று முகாம்களில் கைதிகளாக இருந்தார்கள். வீட்டுக்குக் கடிதம் எழுத அனுமதி இருந்தது. அந்தக் கடிதங்களின் விலாசங்களும் மனைவி மக்களைத் தேடிப் பிடிக்க உதவின. 1940 மார்ச் 2 அன்று மாஸ்கோவில் குடும்பங்களை நாடுகடத்த முடிவெடுத்தார்கள். மார்ச் 5 அன்று கணவர்களைச் சுட்டுக் கொல்ல முடிவெடுத்தார்கள். மூன்றே நாள் இடைவெளி. அந்த வசந்த காலத்தில் ஏறத்தாழ 22,000 பேரைக் கொன்றார்கள். காத்தின் படுகொலை என்று இன்று உலகம் சொல்வது அதைத்தான்.

கஜகஸ்தானில் இருந்த மனைவிக்கு இது தெரியாது. கடிதம் நின்றுபோனது மட்டும் தெரியும். தபால் தாமதம் என்று தன்னையே தேற்றிக்கொண்டு, கணவருக்கென்று எடுத்து வந்த சட்டையை மட்டும் கடைசிவரை விற்காமல் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். உண்மை வெளியே வந்தது 1943 ஏப்ரலில்.

சரி, எப்படித்தான் உயிர் பிழைத்தார்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் தேடினேன். மனோதிடம், தெய்வ நம்பிக்கை என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். பிழைத்தவர்களே சொல்வது அதைவிடத் துல்லியமாக இருக்கிறது.

முதலில், கொண்டு வந்த பொருள். ஒரு படுக்கை விரிப்புக்கு ஒரு வாளி உருளைக்கிழங்கு, ஒரு கம்பளிக் கோட்டுக்குச் சில வாரத்து மாவு, கடைசியில் கல்யாண மோதிரம். எதை எப்போது விற்பது என்ற கணக்கு அம்மாவின் தலையில் ஓடிக்கொண்டே இருக்கும். கோட்டை அக்டோபரில் விற்றால் ஜனவரியில் என்ன செய்வது? தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்த குடும்பம் அதிர்ஷ்டம் செய்த குடும்பம். கமாண்டன்டின் மனைவிக்கு ஒரு பாவாடை தைத்துக் கொடுத்தால் ஒரு குடம் பால். இறகு மெத்தை இருந்தால் நான்கு பிள்ளைகளும் அதற்குள் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு விடியும்வரை தாங்கலாம்.

அடுத்தது காடு. கோடையில் காளானும் பெர்ரிப் பழங்களும். வசந்தத்தில் தலைகாட்டும் செந்தட்டிக் கொழுந்தைக் கையில் துணி சுற்றிக்கொண்டு பறித்து, உப்பில்லாமல் சூப் வைத்தார்கள். பல் ஆடி ஈறில் ரத்தம் வந்தபோது பைன் ஊசியிலையைக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். சத்துக் குறைவால் பிள்ளைகளுக்கு மாலைக்கண் வந்தது. பொழுது சாய்ந்ததும் பெரியவர் யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு காட்டிலிருந்து வரிசையாகத் திரும்புவார்கள்.

1941 கோடை வரை தபால் வேலை செய்தது. ஊரில் மீந்திருந்த அத்தையோ சித்தியோ பன்றிக் கொழுப்பும் வெங்காயமும் கட்டி அனுப்பிய பார்சல் ஒரு குடும்பத்தை ஒரு மாதம் நிறுத்தியது. போர் மூண்டதும் அதுவும் நின்றது.

அப்புறம், ஒரு வழக்கத்தை விடாமல் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு போலந்து வீடுகளில் மெல்லிய அப்பம் ஒன்றைப் பிட்டு ஒருவருக்கொருவர் கொடுத்து வாழ்த்துவார்கள். காட்டுக் கொட்டகையில் கறுப்பு ரொட்டியின் ஒரு துண்டை அதற்காகவே முன்கூட்டி எடுத்து வைத்தார்கள். பசித்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு துண்டு ரொட்டியை இரண்டு நாள் தொடாமல் வைத்திருப்பது எப்பேர்ப்பட்ட காரியம்!

இவ்வளவும் இருந்தும் செத்தவர்கள் ஏராளம். ஒரே மாதிரி உழைத்த இரண்டு குடும்பங்களில் ஒன்று பிழைத்தது, ஒன்று பிழைக்கவில்லை. நம் கைக்குக் கிடைப்பவை எல்லாம் பிழைத்தவர்கள் எழுதியவை என்பதை எப்போதும் நினைவில் வைக்க வேண்டும்.

விடுதலை எப்படி வந்தது?

1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத்தைத் தாக்கியது. நேற்றுவரை எதிரியாக இருந்த போலந்து ஒரே நாளில் கூட்டாளி ஆயிற்று. ஜூலை 30 அன்று லண்டனில் போலந்துப் பிரதமர் சிக்கோர்ஸ்கியும் சோவியத் தூதர் மைஸ்கியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆகஸ்ட் 12 அன்று 'பொதுமன்னிப்பு' அறிவிக்கப்பட்டது.

அந்தச் சொல் இன்றும் அந்தக் குடும்பங்களை உறுத்துகிறது. தப்பே செய்யாதவர்களுக்கு எதற்கு மன்னிப்பு? ஆனாலும் அந்தக் காகிதம் உயிர்க் காகிதம். சோவியத் மண்ணிலேயே ஒரு போலந்துப் படை அமைக்கவும் அனுமதி கிடைத்தது. மாஸ்கோவின் லுபியன்கா சிறையிலிருந்து வெளியே வந்த ஜெனரல் ஆண்டர்ஸ் அதற்குத் தலைவரானார். பல குடியிருப்புகளில் வேலையாட்கள் போய்விடுவார்கள் என்று கமாண்டன்ட் செய்தியையே மறைத்துவிட்டார். மாதக்கணக்கில் தாமதமாகத் தெரிந்துகொண்டவர்களும், கடைசிவரை தெரியாமல் போனவர்களும் உண்டு.

விடுதலைக்குப் பிறகுதான் அதிகம் பேர் இறந்தார்கள் என்கிறார்களே?

கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் பல குடும்பங்களில் நடந்தது அதுதான். விடுதலை கிடைத்தது, ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை, ரொட்டிப் பங்கீடு நின்றுபோனது. தெற்கே வெயில் இருக்கிறது, நம் படை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, தெப்பம் கட்டி ஆற்றிலும், சறுக்கு வண்டியிலும், சரக்கு ரயிலிலுமாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கிளம்பினார்கள். நிலையத்தில் கொதிநீர் எடுக்க இறங்கிய அம்மா திரும்பி வருவதற்குள் ரயில் கிளம்பிவிடும். அப்படிப் பிரிந்தவர்களில் சிலர் மறுபடி சந்திக்கவே இல்லை.

உஸ்பெகிஸ்தானில் வெயில் இருந்தது, சாப்பாடு இல்லை. பருத்தி வயலில் வேலை செய்தால் ஒரு பிடி தானியம். டைபஸ் காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு, மலேரியா மூன்றும் சேர்ந்து தாக்கின. குசார் என்ற ஊரில் செத்தவர்களைப் புதைக்கவும் ஆள் போதவில்லை. படைக்குக் கிடைத்த ரேஷனைச் சிப்பாய்கள் பிள்ளைகளோடு பகிர்ந்துகொண்டார்கள். 1942 மார்ச்சில் அந்த ரேஷனையே 44,000 பேருக்கு மட்டும் என்று ஸ்டாலின் குறைத்தார்.

பெற்ற தாயே பிள்ளைகளை அநாதை இல்லத்தில் விட்டாரா?

விட்டார்கள். படை நாட்டைவிட்டு வெளியேறப் போகிறது, அநாதைப் பிள்ளைகளையும் கூட்டிப் போகிறார்கள் என்று செய்தி பரவியது. அம்மாவுக்கு டைபஸ், இல்லை கையில் அனுமதிக் காகிதம் இல்லை. அப்போது அவர் முன் இரண்டே வழி. பிள்ளைகளைத் தன்னோடு வைத்துக்கொண்டு சேர்ந்து சாவது, அல்லது போலந்து அநாதை இல்லத்தின் வாசலில் விட்டு, "யாராவது கேட்டால் அம்மா செத்துவிட்டாள் என்று சொல்" என்று சொல்லிக் கொடுப்பது.

எட்டு வயது அக்காவின் கையில் நான்கு வயதுத் தம்பியின் கையைப் பிடித்து வைத்து, விடாதே என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்த தாய்மார்கள் இருந்தார்கள். இந்தியாவுக்கு வந்த 'அநாதை'ப் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையில் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். சிலர் போருக்குப் பின் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் கண்டுபிடித்தார்கள். அதற்குள் அம்மாவின் முகமே மறந்துபோன பிள்ளைகளும் உண்டு.

ஈரானுக்கு எப்படிப் போனார்கள்?

காஸ்பியன் கடல் வழியாக. துர்க்மேனிஸ்தானின் கிராஸ்னோவோட்ஸ்க் துறைமுகத்திலிருந்து ஈரானின் பஹ்லவி துறைமுகத்துக்கு. 1942 மார்ச் கடைசியில் ஒரு முறை, ஆகஸ்டில் ஒரு முறை. சில ஆயிரம் பேர் அஷ்காபாத்திலிருந்து தரைவழியாகவும் போனார்கள். மொத்தம் ஏறத்தாழ 1,15,000 பேர்; அவர்களில் 37,000 பேர் வரை பொதுமக்கள், பாதிக்குப் பாதி குழந்தைகள்.

பஹ்லவி கடற்கரை மணலில் கூடாரங்கள். பேன் பிடித்த துணிகளைக் குவித்து எரித்தார்கள். எல்லோருக்கும் மொட்டை. சுடுதண்ணீர்க் குளியல், சோப்பு, சுத்தமான துணி. இரண்டு வருடமாகக் காய்ந்த வயிற்றுக்குக் கொழுப்பு மிதக்கும் ஆட்டுக்கறி சூப் கிடைத்தது. அதைக் குடித்தே சிலர் இறந்தார்கள். இவ்வளவு தூரம் தாண்டி வந்து கரை சேர்ந்த இடத்தில் இறந்தவர்களின் கல்லறைகள் அன்சலி என்று இன்று அழைக்கப்படும் அந்த ஊரில் 600-க்கும் மேல் இருக்கின்றன.

ஈரானியர்கள் வழியோரம் நின்று பேரீச்சம்பழமும் ரொட்டியும் நீட்டினார்கள். இஸ்பஹானில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தங்கிப் படித்ததால், போலந்துக்காரர்களுக்கு அது இன்றும் 'போலந்துப் பிள்ளைகளின் ஊர்'.

இந்தியாவில் எங்கே இருந்தார்கள்?

இரண்டு இடம் முக்கியம். ஒன்று குஜராத்தில் ஜாம்நகர் அருகே பாலாச்சடி. நவாநகர் மகாராஜா ஜாம் சாகேப் திக்விஜய்சிங்ஜி தன் கடற்கரை அரண்மனைக்குப் பக்கத்தில் முகாம் அமைத்து, 1942 முதல் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வைத்துக் காத்தார். பிள்ளைகள் அவரை 'பாபு' என்று கூப்பிட்டார்கள், அப்பா என்ற அர்த்தத்தில். முதலில் வந்த பிள்ளைகள் ஈரானின் மஷ்ஹத்திலிருந்து லாரிகளில் பாலைவனம் தாண்டி வந்தவர்கள். முகாம் இருந்த இடத்தில் இப்போது சைனிக் பள்ளி நடக்கிறது.

இன்னொன்று கோலாப்பூர் அருகே, பஞ்சகங்கை ஆற்றங்கரையில் உள்ள வளிவடே. 1943 முதல் 1948 வரை ஏறத்தாழ 5,000 பேர், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். வரிசை வீடுகள், வாசலில் பூச்செடி, தேவாலயம், பள்ளிகள், நாடக மேடை. மழைக்காலம், பாம்பு, காரம் எல்லாம் அவர்களுக்குப் புதிது. ஆனால் சில வருடம் கழித்துத் தன் அடுப்பில் தன் கையால் உலை வைக்க முடிந்த முதல் இடம் இதுதான் என்பதால், வயதான பிறகும் வளிவடேயைப் பற்றிப் பேசினால் முகம் மலர்ந்தார்கள்.

வார்சாவில் 'நல்ல மகாராஜா சதுக்கம்' என்று ஒன்று இருக்கிறது. கோலாப்பூருக்கும் அங்கே ஒரு நினைவுச் சின்னம் உண்டு.

மற்றவர்கள்?

கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவுக்குத்தான் அதிகம் பேர் போனார்கள். தான்சானியாவின் டெங்கெருவில் மட்டும் 5,000 பேர் வரை. மெக்சிகோவில் சாந்தா ரோசா. நியூசிலாந்து 733 பிள்ளைகளை ஏற்றுக்கொண்டது. 1944 நவம்பர் 1 அன்று வெலிங்டனில் கப்பல் இறங்கி பஹியாதுவா முகாமுக்குப் போனார்கள். ஆண்டர்ஸ் படையோடு வந்த யூதப் பிள்ளைகள் 800-க்கும் மேற்பட்டோர், டெஹ்ரானிலிருந்து கராச்சி, சூயஸ் வழியாக 1943 பிப்ரவரியில் பாலஸ்தீனம் போய்ச் சேர்ந்தார்கள். 'டெஹ்ரான் பிள்ளைகள்' என்று அவர்களுக்குப் பெயர்.

போர் முடிந்ததும் ஏன் ஊர் திரும்பவில்லை?

திரும்ப ஊர் இல்லை. 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டில் க்ரெசியின் பெரும்பகுதியைச் சோவியத்துக்கு விட்டுக்கொடுக்க வல்லரசுகள் ஒத்துக்கொண்டன. அந்தச் செய்தி வந்தபோது இந்தக் குடும்பங்களின் அப்பாக்களும் அண்ணன்களும் இத்தாலியில் நேச நாடுகளுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1944 மே 18 அன்று மோண்டே காசினோ மலையைப் பிடித்த அதே படை. யாருக்காகச் சண்டை போட்டார்களோ அவர்களே வீட்டைக் கொடுத்துவிட்டார்கள்.

1947-ல் பிரிட்டன் ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்து படைவீரர்களையும் குடும்பங்களையும் குடியேற்றியது. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருந்த அம்மாவும் பிள்ளைகளும் ஏழெட்டு வருடம் கழித்து அப்பாவை இங்கிலாந்தில், அரைவட்டத் தகரக் கொட்டகை முகாம்களில் சந்தித்தார்கள். ஆறு வயதில் பிரிந்த மகள் பதினான்கு வயதில் எதிரே வந்து நின்றாள். மற்றவர்கள் கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று போனார்கள்.

ஈரானுக்குப் போக முடியாதவர்கள் என்ன ஆனார்கள்?

பெரும்பான்மையோர் அவர்கள்தான். 1943-ல் பலருக்குச் சோவியத் குடியுரிமையைத் திணித்தார்கள், மறுத்தவர்களைச் சிறையில் போட்டார்கள். சோவியத் கட்டுப்பாட்டில் இரண்டாவது போலந்துப் படை ஒன்று உருவானபோது இளைஞர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். 1981-ல் போலந்தில் ராணுவச் சட்டம் கொண்டுவந்த ஜெனரல் யாருசெல்ஸ்கி அப்படிச் சேர்ந்தவர். 1941 ஜூனில் லிதுவேனியாவிலிருந்து சைபீரியாவின் அல்தாய்க்கு நாடுகடத்தப்பட்டு, காட்டில் மரம் வெட்டியவர். அப்பா அங்கேயே இறந்தார். பனியின் வெளிச்சத்தில் கெட்டுப்போன கண்ணுக்காகத்தான் அவர் வாழ்நாள் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

மீதிப் பேர் 1946-ல் பெரும்பாலும் ரயிலில் போலந்து திரும்பினார்கள். ஆனால் தங்கள் ஊருக்கு இல்லை. ஜெர்மனியிடமிருந்து பெற்ற மேற்குப் பகுதிக்கு, ஜெர்மானியர் விட்டுப்போன வீடுகளுக்கு.

மொத்தம் எத்தனை பேர் நாடுகடத்தப்பட்டார்கள்?

போர்க்காலத்தில் நாடுகடந்த அரசும் புலம்பெயர்ந்தவர்களும் பத்து லட்சத்துக்கும் மேல் என்றார்கள். 1990-களில் திறந்த என்கேவிடி ஆவணங்களின்படி நான்கு பெரிய நாடுகடத்தல்களிலும் சேர்த்துச் சுமார் 3,20,000. சிறைபிடிக்கப்பட்டவர்கள், போர்க் கைதிகள், செஞ்சேனைக்குக் கட்டாயமாக எடுக்கப்பட்டவர்கள் இதில் சேரவில்லை. எனக்கு ஆவணக் கணக்கு நம்பகமாகத் தெரிகிறது. அதே சமயம், அந்தக் கணக்கைக் காட்டி "அவ்வளவு ஒன்றும் மோசமில்லை" என்று பேசுகிறவர்களோடு எனக்குத் துளியும் உடன்பாடில்லை.

ஏன் இது இவ்வளவு காலம் வெளியே தெரியவில்லை?

கம்யூனிஸ்ட் போலந்தில் பேசக்கூடாத விஷயம் இது. விண்ணப்பப் படிவத்தில் பிறந்த ஊரை எழுதவே யோசித்தார்கள். வீட்டில் பாட்டி ரொட்டித் துணுக்கைக்கூட எறிய விடமாட்டார், ஏன் என்று சொல்லவும் மாட்டார். மேற்கத்திய நாடுகளுக்கும் போர்க்காலக் கூட்டாளியின் குற்றத்தைப் பேச விருப்பமில்லை. காத்தின் படுகொலையைத் தாங்கள்தான் செய்தோம் என்று சோவியத் ஒப்புக்கொண்டதே 1990-ல்தான். தங்களைச் 'சிபிராக்' (சைபீரியாக்காரர்) என்று அழைத்துக்கொள்ளும் இவர்களின் சங்கம் போலந்தில் மறுபடி எழுந்தது 1988-ல்.

குடும்ப விவரம் தேடுகிறவர்கள் எங்கே தேடலாம்?

வார்சாவின் 'கார்த்தா' மையம் தொகுத்த, ஒடுக்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலில் பிறந்த வருடம், நாடுகடத்திய தேதி, குடியிருப்பின் பெயர் வரை பலருக்கு இருக்கிறது. லண்டனில் சிக்கோர்ஸ்கி அருங்காட்சியகம் படை ஆவணங்களுக்கு. ஜெர்மனியில் கட்டாய வேலை செய்தவர்களுக்கு அரோல்சென் ஆவணக்காப்பகம். அமெரிக்காவின் ஹூவர் நிறுவனத்தில், வெளியே வந்த கையோடு 1943 வாக்கில் எழுதி வாங்கிய ஆயிரக்கணக்கான வாக்குமூலங்கள் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளும் அவற்றில் உண்டு. பெயரை ரஷ்ய எழுத்தில் எழுதிப் போலந்துக்கு மாற்றியதில் எழுத்து பிசகியிருக்கும். இரண்டு மூன்று விதமாகத் தேடிப் பாருங்கள்.

நேரில் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

பியாவிஸ்டோக்கில் 2021 செப்டம்பர் 17 அன்று திறந்த சிபிர் அருங்காட்சியகம் இருக்கிறது. வார்சாவில் 1995-ல் வைத்த நினைவிடம் சாலையோரத்திலேயே நிற்கிறது. தண்டவாளத்தின் மேல் ஒரு திறந்த ரயில் வண்டி, அதன் மேல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் சிலுவைகள், அவற்றுக்கு நடுவே யூத, இஸ்லாமிய அடையாளங்களும். கீழே இருக்கும் ஒவ்வொரு தண்டவாளக் கட்டையிலும் ஒரு ஊரின் பெயர் பொறித்திருக்கிறது.